முதுகுக்குப் பெரிய மாடல்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் குழாயைத் திறப்பான். பல் துலக்க அல்ல. கண்ணாடிக் குப்பியில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடிப்பான். அதில் உப்பை அளக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவான். சிவப்பு நீலமாக மாறியதும் நிறுத்துவான். எத்தனை சொட்டு என்று கைபேசியில் குறித்துக்கொள்வான். பிறகு ஷவரின் கீழ் நின்று குளிப்பான். குளித்துவிட்டு விடுதிக்காரர்கள் கொடுத்த வெள்ளைத் துண்டைக் கட்டிலின் ஓரத்தில் விரித்து அதன் மேல் உட்காருவான். காத்திருப்பான்.

முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் லேசாகச் சுடும். அடுத்து முழங்கை மடிப்பு. அப்புறம் கழுத்து. அறைக்கு வந்த காபி ஆறுவதற்குள் தடிப்புகள் சிவந்து எழும்பிவிடும். கையை வெளிச்சத்தில் நீட்டிப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்புவான். பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வரும். சில நாட்களில் இரண்டு.

மற்றவர்கள் உடம்புக்கு முடியவில்லை என்றால் விடுப்பு எடுப்பார்கள். இவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால்தான் அன்றைக்கு வேலை.

அவனுடைய கம்பெனி, விடுதிகளுக்குத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் விற்றது. சாஃப்ட்னர் என்று பெயர். தண்ணீரில் இருக்கும் உப்பை எடுக்க அதற்குள் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்ட வேண்டும். ஏன் என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கப்படம் வைத்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதன் பிறகு எதையுமே கேட்டதில்லை.

ஆரம்பத்தில் அவன் தடிப்புகளை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துத்தான் வைத்திருந்தான். தண்ணீர் இயந்திரம் விற்பவனுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சம். ஒருநாள் ஒரு விடுதி முதலாளி விளக்கப்படத்தின் நடுவே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இவன் சுவரில் எதையோ காட்டக் கையைத் தூக்கினான். சட்டைக்கை மேலே ஏறியது. கொட்டாவி பாதியில் நின்றது.

"என்ன தம்பி இது?"

"உங்க தண்ணி சார்" என்றார் மேலாளர், இவன் வாயைத் திறப்பதற்குள்.

இயந்திரம் விற்றுவிட்டது. திரும்பி வரும்போது காரில் மேலாளர் அவன் கையைப் பொன்னைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையாப்பா இத்தனை வருஷம் மூடி மூடி வச்சிருந்தே? வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்லுவாங்க. உனக்குத் தோலே ஆயுதம்."

"அரிக்குது சார்."

"அரிக்கட்டும். களிம்பு செலவு கம்பெனியோடது. பில்லை மட்டும் தொலைச்சுடாதே."

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவனுக்கு லிட்மஸ் என்று பெயர். காலை வணக்கம் சொல்வதை எல்லாரும் மறந்துபோனார்கள். "வந்துச்சா?" என்று கேட்டார்கள். வந்தது என்றால் கைகுலுக்கினார்கள். கைகுலுக்கிய பிறகு போய்க் கை கழுவினார்கள்.

வீட்டில் அவனை லிட்மஸ் என்று கூப்பிடாத ஒருத்தி இருந்தாள். மனைவி. மருந்துக் கடையில் வேலை. வெளியூர் போய்த் திரும்பியதும் சமையலறை முக்காலியில் அவனைச் சட்டையில்லாமல் உட்கார வைப்பாள். கடையிலிருந்து வாங்கி வந்த களிம்பைப் பிதுக்குவாள்.

"ஊர் ஊராப் போய் உடம்புல படம் வரைஞ்சுட்டு வர்றீங்க. கைக்கு நீங்களே தடவிட்டீங்களா?"

"தடவிட்டேன். முதுகுல அவ்வளவா இல்ல."

"தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? திரும்புங்க. இங்க ஒரு கண்டமே கிடக்கு. உங்க மேலாளர் பார்த்தா கொடி நட்டுடுவார்."

மூன்று மருத்துவர்களிடம் அவனை அவளே அழைத்துக்கொண்டு போனாள். ஒருவர் உப்பு என்றார். ஒருவர் குளோரின் என்றார். மூன்றாமவர், எல்லாம் மனசுதான் என்றார். மூவரில் அவருக்குத்தான் கட்டணம் அதிகம். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு நாளைக்கு என்று அவள் கேட்டாள். அதற்கு மூவருமே மணியை அடித்து அடுத்த நோயாளியை வரச் சொன்னார்கள். வீட்டுத் தண்ணீரில் குளித்தால் மட்டும் அவனுக்கு ஒரு புள்ளிகூட வராது. அது ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் அவன் வெளியூரில் இருந்தபோது, கடையில் யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவன் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நினைவு திரும்பவே இல்லை என்று மருத்துவர் சொன்னார்.

ஆனால் பக்கத்தில் இருந்த மாமியார் வேறு சொன்னார். கடைசி நிமிஷத்தில் மகள் கண்ணைத் திறந்து, "அவரைப் பார்த்துக்கம்மா" என்றாளாம். துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதார்கள். அழுகை வரவர அந்தக் கடைசி வார்த்தையும் வளர்ந்தது. இரண்டாம் மாதம் "வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லு" சேர்ந்தது. நான்காம் மாதம், தன் தம்பிக்கு நல்ல இடத்தில் பெண் பார்க்கச் சொன்னதும் சேர்ந்துகொண்டது. அவன் மறுத்துப் பேசவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மாமியார் வாயை மூட அவனுக்கு மனசு கிடையாது. அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது அவனுக்குத் தெரியும். அது துக்க வீட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி வார்த்தை இல்லை.

காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினான். எந்த ஊர் என்று கேட்காமல் போனான். மேலாளர் அதை ஆர்வம் என்று நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய வாய்ப்பு வந்தது. பத்துப் பன்னிரண்டு விடுதிகள் வைத்திருந்த ஓர் அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, அவன் கையை மீன் வாங்குபவர்போல் சோதித்தார்.

"சரி. ஒரு ஹோட்டல்ல மட்டும் மெஷினைப் போடுங்க. அடுத்த மாசம் இதே தம்பி வந்து இதே ரூம்ல குளிக்கட்டும். தோல்ல ஒண்ணும் வரலேன்னா எல்லா ஹோட்டலுக்கும் வாங்கிக்கிறேன்."

வெளியே வந்ததும் மேலாளர் அவன் தோளில் கை வைத்தார். சட்டை இருந்த இடமாகப் பார்த்துத்தான் வைத்தார்.

"இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா கிளையை மூடிடுவாங்க. மூடினா முதல் ஆளா உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. புரியுதா?"

புரிந்தது. சம்பளம் போய்விடும் என்பது அவனுக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது வீடு. வேலை போனால் தினமும் அங்கே இருக்க வேண்டும். அந்தச் சமையலறை. அந்த முக்காலி.

அடுத்த மாதம் அதே அறை. குழாயைத் திறந்தான். குப்பியில் பிடித்தான். முதல் சொட்டிலேயே தண்ணீர் நீலமாகிவிட்டது. மழைத் தண்ணீர் மாதிரி உப்பே இல்லை. இயந்திரம் சொன்ன வேலையைச் செய்திருந்தது. குளித்தான். துண்டின் மேல் உட்கார்ந்தான். காத்திருந்தான்.

மணிக்கட்டு சுட்டது.

பக்கத்து அறையில் இருந்த மேலாளர் வாயில் பற்பசை நுரையோடு ஓடி வந்தார்.

"வரக்கூடாதே!"

"வந்துருச்சு சார்."

"தண்ணி?"

"தண்ணி நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் உனக்கு என்ன கேடு? வர வேண்டிய நேரத்துல ஒழுங்கா வந்தே. இப்ப வரக்கூடாத நேரத்துலயும் வர்றியே. ஒரு ஒழுங்கு வேணாமாப்பா?"

ஐஸ் கட்டி வரவழைத்தார்கள். கைக்கும் கழுத்துக்கும் ஒத்தடம் கொடுத்தார்கள். அவன் பைக்குள்ளிருந்து களிம்பை எடுத்தான். அவள் கடையிலிருந்து வாங்கி வந்ததில் மிச்சம் இருந்த கடைசிக் குழாய். அடியிலிருந்து சீராகச் சுருட்டிக்கொண்டே வந்திருந்தாள். அவன் இத்தனை மாதமாக அதைத் திறக்கவில்லை. திறந்து தடவினான். கொஞ்ச நேரத்தில் கை தணிந்தது. கழுத்தும் தணிந்தது.

"முதுகு?" என்றான்.

மேலாளர் அவன் முதுகைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"முதுகை யார் பார்க்கப் போறாங்க? போன தடவையும் கையைத்தானே பார்த்தாங்க. சட்டையைப் போடு."

கூட்ட அறையில் மேலாளர் திரையில் படங்களை ஓட்டினார். போன மாதக் கை, இந்த மாதக் கை. அம்மாள் கண்ணாடியை இறக்கி, நேரில் நீட்டிய கையைத் தடவியே பார்த்தார். வழவழவென்று இருந்தது. மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் நாற்காலி கிறீச்சிட்டது. எருமை தூணில் உரசுவதுபோல் அவன் முதுகு தன்னால் நாற்காலியில் உரசிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா நாற்காலி அழுவுது? சட்டையைக் கழட்டுங்க."

"மேடம், ஒரு ஆபீஸ்ல இது அவ்வளவு மரியாதையா..." என்று மேலாளர் எழுந்தார்.

"போன மாசம் பாதிச் சட்டையை நீங்கதானே கழட்ட வச்சீங்க? மீதியையும் பார்த்துடுவோம்."

கழற்றினான். திரும்பி நின்றான். முதுகு முழுக்கத் தடிப்புகள் சிவந்து கிடந்தன. கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டோமே என்பதுபோல் மேலாளர் ஒரு கணம் நின்றார். ஒரு கணம்தான். விற்பனையில் இருபது வருஷம் பழுத்தவர்.

"மேடம், நீங்க பரிசோதனைக்குப் போட்டது சின்ன மாடல். அது கை, கழுத்து வரைக்கும்தான் வரும். முதுகுக்குப் பெரிய மாடல் போடணும்."

"கால்?"

"காலுக்குத் தனியா ஒரு இணைப்பு இருக்கு மேடம். இந்த மாசம் வாங்கினா பாதி விலை."

அம்மாள் அவரை விட்டுவிட்டு இவனைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. மெஷின் வேலை செய்யுதா?"

"செய்யுதும்மா. தண்ணியில உப்பு இல்ல."

"அப்ப இது?"

"தெரியல. உப்பு இருந்தாலும் வருது, இல்லேன்னாலும் வருது."

"கையில வரலியே."

"கையிலயும் வந்துச்சு. களிம்பு தடவினேன்."

மேலாளர் கூரையைப் பார்த்தார். அங்கே உதவிக்கு யாரும் இல்லை.

"அப்ப முதுகுலயும் தடவியிருக்கலாமே?"

"எட்டல" என்றான்.

உண்மை பேச வேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை. கேட்டார், சொன்னான். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"சட்டையைப் போட்டுக்கங்க. போட்ட மெஷின் இருக்கட்டும், அதுக்குப் பணம் தர்றேன். குழாய்ல உப்புப் படியாம இருந்தா எனக்குப் போதும். தோலுக்கெல்லாம் நான் மெஷின் வாங்கறதா இல்ல. மத்த ஹோட்டலைப் பத்தி அப்புறம் யோசிப்போம்."

வாசலில் காருக்காக நின்றபோது மேலாளர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அந்த அம்மா கண்ணைப் பார்த்தியா? கலங்கிடுச்சு! எட்டலன்னு சொன்னே பாரு, அதுதான். இத்தனை வருஷம் நாம கையைக் காட்டி நேரத்தை வீணடிச்சிருக்கோம். இனிமே எல்லா இடத்துலயும் முதுகைத் திறந்து காட்டு. காட்டிட்டு அதே வார்த்தை. குரலும் அதே மாதிரி கம்மினாப்ல இருக்கணும். நாளைக்குச் சொல்லிப் பார்த்துப் பழகிக்கலாம்."

"சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்?"

"அது என் வார்த்தை இல்ல."

மேலாளருக்குப் புரியவில்லை. புரியாததை எல்லாம் திமிர் என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"அப்ப வீட்டுலயே உட்காரு. லிட்மஸ் பேப்பர் கடையில கட்டுக்கட்டா கிடைக்குது."

கார் வந்தது. மேலாளர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் போய்விட்டது. இவன் பையோடு வாசற்படியில் உட்கார்ந்தான். முதுகு எரிந்தது. கைபேசி அடித்தது. மாமியார்.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"சாப்பிட்டேன் அத்தை."

"குரலே சரியில்லையே. தண்ணி ஒத்துக்கலையா? நீங்க இப்படி ஊர் ஊரா அலைஞ்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டா நான் அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்? கடைசியா அவ கண்ணைத் திறந்து சொன்னது அது ஒண்ணுதானே. அவரைப் பார்த்துக்கம்மான்னு..."

"இல்ல அத்தை. அவ அப்படிச் சொல்லல."

மறுமுனையில் அவர் அடுப்பை அணைக்கும் ஓசை வந்தது. அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தான். சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டார்.

"வேற என்ன சொன்னா?"

சொன்னான். அவள் விழுந்த அன்றைக்குக் காலையில் ஒரு விடுதி அறையிலிருந்து அவளைக் கூப்பிட்டிருந்தான். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசினாள். முதுகெல்லாம் வந்துவிட்டது, தாங்க முடியவில்லை என்று புலம்பினான். ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"முதுகு உங்களுக்கு எட்டாது. வீட்டுக்கு வாங்க, நான் தடவி விடுறேன். அதுவரைக்கும் சொறியாதீங்க."