நேர்காணல் அன்று மாற்றிய கெர்னல்

வீட்டுக் கணினியை நோண்டாமல் அந்த லிஃப்ட் மெக்கானிக்கால் ஒரு விடுமுறை நாளைக் கழிக்க முடியாது. காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம் எல்லாம் அவனுக்கு ஆகாது, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான். புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரை மூலையில் ஒரு குறி எட்டிப் பார்த்தால் போதும், சாப்பிட்ட கையோடு ஓடுவான். அதற்காகவே மனைவி அவனுக்கு ‘அப்டேட்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

அன்று அவன் லீவு போட்டிருந்தது அவளுக்காக. பதினோரு மணிக்கு அவளுக்கு வீட்டுக் கணினி வழியாகவே நேர்காணல். வேறொரு நகரத்துப் பெரிய மருத்துவமனையில் தலைமை மருந்தாளர் வேலை. கிடைத்தால் வாரம் முழுக்க அங்கே விடுதி, வாரக் கடைசியில்தான் வீடு. மருந்துக் கடை கவுன்டரில் வருஷக்கணக்காக நின்று கால் கடுத்தவள் இந்த வேலைக்காகத் தவம் கிடந்தாள். நேர்காணலோடு சின்னத் தேர்வும் உண்டு, கைப்பேசியில் வராதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

“இன்னைக்கு மட்டும் அந்தப் பொட்டியைத் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனாள்.

அவள் கதவைச் சாத்தியதுதான் தாமதம், இவன் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டான். புதிய கெர்னல் வந்திருந்தது. திரை, ஒலி, விசைப்பலகை என்று கணினிக்குள் இருக்கும் அத்தனையையும் கட்டி மேய்ப்பது கெர்னல்தான். அதை மாற்றுவது சட்டை மாற்றுகிற வேலை இல்லை என்பது அவனுக்குத் தெரியாததா? தெரிந்தேதான் கடவுச்சொல்லைத் தட்டினான். வரிகள் மளமளவென்று ஓடி முடிந்தன. கணினியை அணைத்துப் போட்டான். திரை கறுப்பாகவே நின்றது. புதிய கெர்னலுக்கும் திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கும் ஒத்துப்போகவில்லை.

அவன் பதறவில்லை. புதியது ஏறினாலும் பழைய கெர்னல் உள்ளேயே இருக்கும். மறுபடி கணினியைப் போட்டு, தொடக்கத்தில் வரும் பட்டியலை நிறுத்தினான். மேலே புதியது, கீழே பழையது. கீழே இறங்கி என்டரைத் தட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் கை எழவில்லை.

அவள் புதுச் சுடிதாரில், ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

“என்ன இது?”

“புது கெர்னல் போட்டேன். திரை வரல.”

“இன்னைக்கா? அவ்வளவு சொல்லிட்டுப் போனேனே!” அவள் குரல் உடைந்தது. “சரியாகுமா, ஆகாதா?”

‘ஆகாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவாள். கணினி விஷயத்தில் அவன் பேச்சுக்கு அவள் மறுபேச்சு பேசியதில்லை. வேலையும் போகும், விடுதியும் போகும். அவள் எப்போதும்போல மாலையில் மருந்து வாசனையோடு வீடு திரும்புவாள். காலையில் விரல் அரித்தது கெர்னலுக்காக இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. அப்போதும் கை எழவில்லை.

அவள் அவனை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் கணினி கிடைக்குமா என்று கேட்கக் கைப்பேசியை எடுத்தாள். அவசரத்தில் எண் மாறி யாருக்கோ போய்விட்டது. “மன்னிச்சுக்கங்க, தப்பா வந்துடுச்சு” என்று யாரோ முன்பின் தெரியாதவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. பழைய கெர்னலைத் தேர்ந்து என்டரைத் தட்டினான். திரை வந்துவிட்டது.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தீங்க?”

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

“நீ போறது எனக்குப் பிடிக்கல.”

“நேத்து ராத்திரிகூட, உனக்குத்தான் அந்த வேலைன்னீங்களே?”

“வாய்தான் சொல்லுச்சு.”

அவள் தலையைத் துவட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“வாயைத் திறந்து சொல்லியிருந்தா உட்கார்ந்து பேசியிருப்போம். போக வேணாம்னுகூட முடிவு பண்ணியிருப்பேன், யார் கண்டா?” என்றாள். “இப்ப எழுந்திரிங்க. நேரமாச்சு.”

அவன் எழுந்து வெளியே வந்தான். அவள் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் பிசிறே இல்லாமல் கேட்டது.

“வணக்கம் சார். இல்லை, எந்தச் சிக்கலும் இல்லை. எப்ப வேணும்னாலும் வந்து சேரத் தயார்.”