கடைப் படத்தில் யாருடைய கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது, அதுவும் என் பொறாமையில். போன மாதம் என் கணவர் ராயப்பராஜ் கைபேசியில் கிறிஸ்துமஸ் குடில் தேடிக்கொண்டிருந்தார். ஓர் ஆன்லைன் கடையில், மண்ணால் செய்த குழந்தை இயேசுவை உள்ளங்கையில் ஏந்தியபடி ஒரு பெண்ணின் கை. மனிதர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். குழந்தையைப் பெரிதாக்கியிருந்தால் நான் ஏன் கதை எழுதப் போகிறேன்? மணிக்கட்டைப் பெரிதாக்கினார்.

"என்னத்த அப்படிப் பாக்குறீக?"

"வேலைப்பாடு."

"எதோட வேலைப்பாடு?"

ஆர்டர் போட்டுவிட்டார். அந்தக் கடை எங்கள் திண்டுக்கல்லிலேயே, தாடிக்கொம்பு சாலையில்தான் இருக்கிறது. பஸ் ஏறினால் நேரில் வாங்கலாம். [கையும் நேரில் இருக்கும். நல்லவேளை, ஏறவில்லை.]

அந்தக் கை மட்டும்தான் நிஜம். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கம், முதல் முயற்சி: நவம்பர் மாத மாலை வெயில் தாடிக்கொம்பு சாலையின் மீது மெல்லச் சாய்ந்த

[வேண்டாம். பரிசு வாங்க வருகிறவருக்கு வெயில் எதற்கு?]

இரண்டாவது: சகாயசெல்விக்குத் தன் கை பிடிக்காமல் போனது, கடைக்குப் படம் எடுத்த அன்றுதான்.

இது இருக்கட்டும். செல்வியும் அவள் கணவன் ஜெரோமும் வீட்டிலேயே குடில் செய்து ஆன்லைனில் விற்கிறார்கள். கிறிஸ்துமஸ் பரிசு வாங்குகிறவர்கள் வருவதற்குள் கடை தயாராக வேண்டும். பெட்டி, வண்ணத்தாள், ரிப்பன், கூரியர்காரரிடம் பேச்சு எல்லாம் முடிந்துவிட்டது. படம்தான் பாக்கி.

"கையில வச்சு எடுத்தாத்தேன் அளவு தெரியும்" என்று செல்வியின் கையில் குடிலைக் கொடுத்துப் படம் எடுத்தான் ஜெரோம். திரையைப் பார்த்தான். "செல்வி, குடிலுக்கு முந்தி உன் தழும்புதான் கண்ணுல படுது."

குடில் கூரையில் வைக்கோலை ஒட்டும் சூட்டுப் பசை கொடுத்த தழும்புகள் அவை. அவன் குத்திக்காட்டவில்லை. வெளிச்சம் போதவில்லை என்பதுபோலச் சொன்னான். சொல்லிவிட்டுத் தம்பி மனைவி சுகன்யாவைக் கூப்பிட்டான்.

சுகன்யா ஒட்டன்சத்திரம் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெண். அந்தத் தம்பி ஸ்டான்லியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போன வருடம்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். வளையல் போட்ட கையை நீட்டினாள். ஜெரோம் குழந்தை இயேசுவை அதில் வைத்தான்.

"விரல செத்த மடக்கும்மா. அம்புட்டுத்தேன்."

அந்தக் குரலை ஜெரோம் செல்விக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. இப்படி ஒரு குரல் இவனிடம் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

* என் தோழி ஒருத்தி, "செல்விக்குப் பிள்ளை இல்லைன்னு வையேன், உருக்கமா இருக்கும்" என்றாள். வைக்க மாட்டேன். செல்விக்கு இரண்டு மகன்கள், இரண்டும் தின்னிப்பண்டாரங்கள். பொறாமைக்கு ஒரு கை போதும்.

3

ஆர்டர்கள் குவிந்தன. கூடவே கேள்விகளும். "அந்த வளையல் என்ன விலை?" என்று சென்னையிலிருந்து ஒருவர். "வளையல் விற்பனைக்கு இல்லை" என்று செல்வி பதில் அடித்தாள். "கையும்" என்று சேர்த்து, பிறகு அழித்தாள்.

இந்த இடத்தில் சுகன்யாவைக் கெட்டவளாக்கிவிட எனக்கும் ஆசைதான். சுகன்யா கண்ணாடி முன் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து

[பொய். அவள் பார்க்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து பெட்டிகளுக்கு வண்ணத்தாள் சுற்றுகிறாள். நடுநடுவே "ஏனுங்க்கா, சாப்புட்டீங்களா?" என்று கேட்கிறாள். நல்லவளாக இருப்பவள்மீது பொறாமைப்படுவது போன்ற தொல்லை வேறில்லை.]

4

ஜெரோம் வைக்கோல் வாங்கச் செம்பட்டிக்குப் போன பகலில், செல்வி குடிலை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் தானே படம் எடுத்தாள். ஆன்லைன் கடைக்குள் போய்ச் சுகன்யாவின் படங்களையெல்லாம் நீக்கிவிட்டுத் தன் படங்களைப் போட்டாள். மனம் குளிர்ந்தது. தழும்பைப் பார்த்துவிட்டு வாங்குகிறவன் வாங்கட்டும்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்துதான் குழந்தையைக் குடிலில் வைப்பார்கள். அதுவரை குழந்தை படுக்கும் தீவனத்தொட்டி காலியாகத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்திலேயே அவள் காலித்தொட்டியோடு படம் எடுத்துவிட்டாள். குழந்தை தெரிந்தது சுகன்யாவின் உள்ளங்கையில் மட்டும்தான். 'குழந்தை தனிப் பெட்டியில் வரும்' என்ற வரியும் அந்தப் படத்திலேயே இருந்தது. இரண்டும் சேர்ந்து போய்விட்டன.

"குழந்தை இல்லாத குடிலா? யாருக்குங்க பரிசாக் குடுக்குறது?" என்று போன் வர ஆரம்பித்தது. போட்ட ஆர்டர்களை ரத்து செய்தார்கள். கிறிஸ்துமஸ் விற்பனைதான் அவர்களுக்கு வருடத்துச் சோறு.

5

செம்பட்டியிலிருந்து திரும்பிய ஜெரோம் படத்தைப் பார்த்தான். தழும்பைப் பார்த்தான்.

"யாரக் கேட்டு மாத்துன?"

செல்வி வாயைத் திறப்பதற்குள் சுகன்யா முந்திக்கொண்டாள். "நாந்தானுங்க மாமா அக்காகிட்டச் சொன்னேன். வளையலக் கேட்டு ஒரே தொந்தரவுங்க. உங்க கையவே வெச்சு எடுங்கன்னேன்."

ஜெரோமின் முகம் தளர்ந்தது. "சரி விடும்மா. தெரியாமத்தான செஞ்ச."

அதே குரல். செல்விக்குப் பொறுக்கவில்லை. படத்தில் என் கையின் இடத்தை எடுத்துக்கொண்டாள், குரலை எடுத்துக்கொண்டாள், இப்போது செய்த தப்பையும் இவளே எடுத்துக்கொண்டாளே! எனக்கென்று இந்த வீட்டில் என்னதான் மிச்சம்?

"அவ ஒண்ணும் சொல்லல. நாந்தேன் மாத்துனேன்" என்றாள் சத்தமாக. "அவ கையப் பாக்கப் பாக்க எனக்கு ஆகல. போதுமா?"

ஜெரோம் வைக்கோலை இறக்க வெளியே போய்விட்டான். சுகன்யா தனிப் பெட்டியைத் திறந்து குழந்தையை எடுத்துச் செல்வியின் உள்ளங்கையில் வைத்தாள். "செத்த அசையாம இருங்க்கா" என்று படம் எடுத்தாள். தழும்பு தெரிந்தது. அசிங்கமாகத் தெரியவில்லை. [படம் எடுக்கவும் இவளுக்குத் தெரிகிறதே என்று செல்விக்கு அதற்கும் எரிந்தது. நான் மறைக்கப் போவதில்லை.]

"எதப் போடறதுன்னு நீங்களே பாத்துப் போடுங்க்கா" என்று தன் பழைய படத்தையும் இந்தப் புதுப் படத்தையும் திரையில் விட்டுவிட்டுப் போனாள்.

6

இனி முடிவு.

சுகன்யாவின் கையைப் போடுகிறாள். விற்பனை நிமிர்கிறது. ஒவ்வொரு ஆர்டரிலும் செல்வி கொஞ்சம் குனிகிறாள்.

அல்லது, தன் கையைப் போடுகிறாள். வாங்குகிறவர்கள் நகர்ந்து போகிறார்கள், அல்லது போகவில்லை. எனக்குத் தெரியாது.

அல்லது, இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு குழந்தையை ஏந்து

[இது வாழ்த்து அட்டை. ரிப்பன் கட்டி யாருக்காவது அனுப்பிவிடலாம்.]

எழுத முடியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, நேற்று எங்கள் குடில் வந்தது. குழந்தை பஞ்சில் சுற்றித் தனியாக இருந்தது. ராயப்பராஜ் கைபேசியைத் தூக்கினார்.

"ரிவ்யூ போடணும்டி. குழந்தையக் கையில வச்சுக் காட்டு."

என் கையைப் பார்த்தேன். நகத்தில் மஞ்சள், விரலில் பேனா அழுத்திய காய்ப்பு. அவர் அதே இரண்டு விரலால் திரையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்துல இருந்த கையவே கூப்பிட்டுக்கங்க" என்றேன்.

"எந்தக் கை?" என்றார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, நடிக்கிறாரா? இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

செல்வியின் விரல் இன்னும் இரண்டு படங்களுக்கும் நடுவில் நிற்கிறது. வாங்க வந்தவர் நீங்கள். எந்தக் கையிடமிருந்து வாங்குவீர்கள்? உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்காமல், நீங்களே சொல்லுங்கள். அதுவரை என் கை முந்தானைக்குள்தான் இருக்கும்.