கொன்ஸ்ரன்ஸுக்கு வரவேண்டிய இருபது வயது

கொட்டாஞ்சேனை கொன்ஸ்ரன்ஸுக்கு 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் இருபத்தேழு வயது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதமும் இருபத்தேழு வயதுதான். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் அவள் காசாளராக இருந்தாள். கடையின் பெயர் வேண்டாம், வழக்குப் போடுவார்கள். அந்தக் கடையில் எவரையும் ஆறு மாதம் முழுசாக வேலை செய்யவிட்டதில்லை. ஐந்து மாதம் இருபத்தொன்பது நாள் ஆனதும் நன்றி சொல்லி ஒரு கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் விட்டு மறுநாள் கூப்பிட்டு, முன்பின் பார்த்திராத ஆளிடம் வாங்குவதுபோலப் புதிதாகக் கையெழுத்து வாங்குவார்கள். ஆறு மாதத்தைத் தாண்டவிட்டால் நிரந்தரமாக்க வேண்டும், சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும், பணிக்கொடைக்கு வருடம் சேர்ந்துவிடும் என்று கம்பனிக்கு ஒரு பயம். கொன்ஸ்ரன்ஸ் கையெழுத்தை வைத்துப் பேனையை மூடுவதற்குள் நரைக்கத் தொடங்கியிருந்த இரண்டு மயிரும் கறுத்துவிடும், முழங்கால் உளைவு போய்விடும், சம்பளமும் பயிலுநர் சம்பளத்துக்கே இறங்கிவிடும். இப்படி நாற்பது தடவை நடந்தது.

நாற்பது தடவையும் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். காசு மெஷினை எப்படித் திறப்பது, வாடிக்கையாளரைப் பார்த்து எத்தனை பல் தெரியச் சிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடைசிப் பன்னிரண்டு தடவை பயிற்சி கொடுத்தவருக்குப் பயிற்சி கொடுத்ததே அவள்தான் என்பதைச் சொல்லிக்காட்ட அவள் விரும்பவில்லை. கொட்டாஞ்சேனையில் ஆரம்பத்தில் என்ன சோப் போடுகிறாள் என்று பெண்கள் கேட்டார்கள். பத்து வருடம் போனபின் கேட்பதை விட்டுவிட்டார்கள். மரக்கறி நிறுக்கும் அழகர் ஹற்றனில் இருந்து வந்தவர், அவரும் பதினாறு வருடமாகப் பத்தொன்பது வயதில் நின்றார். ஊரில் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம், தம்பி இன்னும் கொஞ்சம் வளர்ந்து வரட்டும் என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கம்பனி இதைக் கவனிக்காமல் இல்லை. ஆளணி மனேஜர் நாகேந்திரம் ஒரு சுற்றறிக்கை விட்டார். உலகத்தில் எந்த நிறுவனமும் தன் ஊழியர்களுக்கு இளமையை இலவசமாகக் கொடுப்பதில்லை, பியூட்டி பாலரில் இதற்கு மாதம் ஒரு லட்சம் ஆகும், ஆகவே சம்பள உயர்வு கேட்பது நன்றிகெட்ட வேலை என்று அதில் இருந்தது. அடுத்த மாதம் இளமைப் பராமரிப்புக் கட்டணம் என்று முந்நூறு ரூபாயும் வெட்டினார்கள். செய்தி பரவி டிரெக்டர் ஒருவரின் மனைவி தானும் அந்த ஒப்பந்தத்தில் சேரவேண்டும் என்று வந்து மீன் பகுதியில் நின்றார். ஐந்து மாதம் இருபத்தொன்பது நாளும் உட்காராமல் நின்றால்தான் பலிக்கும் என்று கேள்விப்பட்டதும் பதினொன்றரை மணிக்குக் கார் வரவழைத்துப் போய்விட்டார்.

கொன்ஸ்ரன்ஸுக்கு ஒரு மகள், நிலூஷா. தாய் கடையில் சேர்ந்தபோது ஆறு வயது, இப்போது கோட்டையில் ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை. வருகிற நவம்பர் பதினாலாம் திகதி அவளுக்கு இருபத்தேழு முடியும்.

"அண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் ட்வின்ஸ், அம்மா. ஒரு கேக் போதும்" என்று நிலூஷா பகிடி விட்டாள்.

கொன்ஸ்ரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு அவளுக்குத் தெரியும். அடுத்த வருடம் மகளுக்கு அவள் தங்கச்சி. இருபது வருடத்தில் மகளுக்கு மகள். அதற்குப் பிறகும் கம்பனி இருக்கும், மகள்தான் கிழவியாகி ஒருநாள் மாதம்பிட்டிச் சவக்காலைக்குப் போவாள். பெற்றவள் கறுத்த முடியோடு மண் போட்டுவிட்டு மறுநாள் போய் எத்தனை பல் தெரியச் சிரிப்பது என்று பயிற்சி எடுக்க வேண்டும். இதை நினைத்து அவள் சோற்றுக்கு முன்னால் இருந்து அழுதாள். நவம்பர் பதினாலுக்கு முதல் தன் வயது தனக்கு வந்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

கடையில் வேலை செய்த முப்பத்திரண்டு பேர் சேர்ந்து கம்பனிக்குக் கடிதம் எழுதினார்கள். நிரந்தர வேலை, நியாயமான சம்பளம், வருடத்துக்கு உரிய லீவு, இதுவரை நிறுத்திவைத்த வயது முழுவதும் ஒரே தவணையில். விஷயம் தொழில் திணைக்களத்துக்குப் போனது. கம்பனியின் சட்டத்தரணி எழும்பி, கொன்ஸ்ரன்ஸ் என்ற பெயரில் நாற்பது பேர் ஆளுக்கு ஐந்து மாதம் இருபத்தொன்பது நாள் வேலை செய்திருக்கிறார்கள், அதில் ஒருத்திக்குக்கூட எதற்கும் தகுதி இல்லை என்றார். அப்படியானால் மற்ற முப்பத்தொன்பது பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அதிகாரி ஒரு மாதத் தவணை கொடுத்தார். கம்பனி பேப்பரில் விளம்பரம் போட்டுத் தேடியது. ஏழு கொன்ஸ்ரன்ஸ்மார் வந்தார்கள், எல்லோரும் வேலை கேட்டு வந்தவர்கள்.

இதற்கிடையில்தான் ருக்கியா டீச்சர் காரியத்தில் இறங்கினார். ராமகிருஷ்ண ரோட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், இருபது வருடமாகக் கொன்ஸ்ரன்ஸிடம்தான் பில் போடுவார். ஒரு திங்கட்கிழமை ட்ரொலி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து, மேலே ஐஸ்கிரீமும் வைத்து, நாகேந்திரத்தைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் புள்ள இங்க எவ்வளவு காலமா வேல செய்யிது?"

"அஞ்சு மாதம், டீச்சர்."

"அப்ப என்ட சாமானும் அஞ்சு மாசம் இங்கயே இரிக்கட்டும்" என்று ட்ரொலியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார்.

மறுநாள் பதினொரு பேர் அதே கேள்வியைக் கேட்டு ட்ரொலியை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கிழமை முடிவதற்குள் தெஹிவளையில் இருந்தும் கல்கிசையில் இருந்தும் பஸ் பிடித்து வந்து ஒன்றும் வாங்காமல் போனார்கள். கேள்வி சிங்களத்திலும் கேட்கப்பட்டது, தமிழிலும் கேட்கப்பட்டது, நாகேந்திரம் இரண்டு மொழியிலும் அதே பொய்யைச் சொன்னார். ட்ரொலி முடிந்தபின் சனம் கூடையை நிரப்பியது, கூடை முடிந்தபின் கையால் தூக்கிவந்து மேசையில் வைத்தது. சாமானைத் திரும்ப ராக்கையில் அடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் முதல் கிழமைப் பயிலுநர்கள் என்பதால், எது எங்கே என்று தங்களுக்குத் தெரியாது என்று பணிவாகச் சொன்னார்கள். பதினோராம் நாள் உருகின ஐஸ்கிரீம் வாசல் தாண்டிக் காலி வீதிக்கு வந்தது. பொலிஸ் ட்ராஃபிக்கை வேறு வழியால் திருப்பியது.

கம்பனி இறங்கிவந்து பாதி வயது தருவதாகச் சொன்னது. களைத்துப்போயிருந்த அழகர் அதில் கையெழுத்து வைத்துவிட்டார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. மறுநாள் அவருடைய மீசையில் இடதுபக்கம் மட்டும் முப்பத்தைந்து வயதுக்குத் தடித்திருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டிக் கல்யாணமும் பேசி முடித்தார்.

கொன்ஸ்ரன்ஸ் பாதிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாதா மாதம் தவணையில் தருகிறோம் என்றார்கள், அதற்கும் முடியாது என்றாள். "எனக்கு நவம்பர் பதினாலுக்கு முதல் வேணும், சேர். ஒரு நாள்கூடக் குறையக்கூடாது" என்றாள். நாகேந்திரம் மேலிடத்துக்குப் போன் எடுத்தார். மேலிடம் தெருவில் போகும் ஐஸ்கிரீமின் விலையைக் கேட்டது. நவம்பர் பன்னிரண்டாம் திகதி கையெழுத்தானது.

பதின்மூன்றாம் திகதி காலை பத்தேகால் மணிக்கு, கொன்ஸ்ரன்ஸ் ஒரு பக்கட் பருப்புக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தபோது வயது வந்து சேர்ந்தது. முதலில் முழங்காலில் வந்தது, பிறகு இடுப்பில், பிறகு தலையில். பருப்பின் விலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. வரிசையில் நின்ற ருக்கியா டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். கொன்ஸ்ரன்ஸ் அதைப் போட்டு மெஷினின் கண்ணாடித் திரையில் தன் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருத்தி நரைத்த முடியோடு அவளைப் பார்த்தாள். இத்தனை பல் என்று எண்ணாமல் சிரித்தாள்.

வந்த இருபது வருடத்தையும் அன்று மாலை வீட்டில் இருந்து ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. கம்பனியின் பதிவேட்டில் இருந்தபடியேதான் வருடங்கள் வந்திருந்தன. இருபது டிசம்பரிலும் ஒரு நத்தார்கூட, ஒரு கிறிஸ்மஸ் கேக்கூட இல்லை. எல்லா நத்தாருக்கும் கடை திறந்திருந்தது, எல்லா நத்தாருக்கும் அவள் மெஷினில் நின்றாள். அதற்கும் விண்ணப்பம் எழுதினாள். ஐஸ்கிரீம் கறை இன்னும் வாசலில் இருந்தபடியால் நாகேந்திரம் தகராறு பண்ணவில்லை, நத்தாருக்கு ஒரு நாளாக டிசம்பரில் இருபது நாள் சம்பளத்தோடு லீவு என்று எழுதிக் கொடுத்தார்.

முதலாவதாக 2005ஆம் ஆண்டின் நத்தார், டிசம்பர் ஆறாம் திகதி கொன்ஸ்ரன்ஸின் வீட்டுக்கு மட்டும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேக் துண்டை வாங்கிக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்கள். கொன்ஸ்ரன்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குசினியில் நின்றபோது, ஏழு வயது நிலூஷா தூக்கக் கலக்கத்தோடு வந்து அவள் சட்டையைப் பிடித்தாள்.

"அம்மா, இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையா?"

"இல்ல மகள். இண்டைக்கு நான் வீட்டில" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். ஒரு துண்டு கேக் வெட்டி அவள் கையில் கொடுத்தாள்.

நிலூஷாவின் இன்சூரன்ஸ் கந்தோரில் அவளுக்கும் இருபது நாள் லீவு கிடைத்திருந்தது. காரணம் என்ற இடத்தில் 'சிறுவயது' என்று எழுதியிருந்தாள், மனேஜர் கேள்வி கேட்காமல் கையெழுத்து வைத்தார். அன்று பின்னேரம் பிள்ளை தூங்கியதும் கொன்ஸ்ரன்ஸ் குடையை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனாள். விடிந்தால் எட்டு வயது, அந்த அளவில் வீட்டில் ஒரு சட்டையும் இருக்கவில்லை.