சன்னல் இருந்த இடம்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாண்டீஸ்வரியின் செல்போனுக்கு ஆறு படங்கள் வந்து சேர்ந்தன. ஐந்தாவது படத்தைப் பார்த்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தாள் அவள். நாற்பத்தொரு வயதில் முதல் புத்தகம் வரப்போகிறது. ஒரே ஒரு நெடுங்கதை. மதுரைப் பதிப்பகத்தார் அதற்குப் படம் வரைய, ஸ்ரீவில்லிபுத்தூரில் டிராயிங் மாஸ்டராக இருக்கும் எட்வினைப் பிடித்திருந்தார்கள்.

கதை அவள் வீட்டில் நடந்ததுதான். இருபது வருடத்துக்கு முன்னால் அவள் அண்ணன் பாண்டிதுரை, செட்டியார்பட்டிப் பெண் ஒருத்தியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். “அப்படின்னா இந்த வீட்ல ஒனக்கு எடமில்ல” என்று அப்பா சொல்லிவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு போனவன், அப்பா செத்ததற்குக்கூட வரவில்லை. ‘அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரன்’ என்று பாண்டீஸ்வரி எழுதியிருந்தாள். எட்வினோ ஐந்தாவது படத்தில் அவன் முகத்தை வரைந்து வைத்திருந்தார். கலங்கிப்போன முகம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

எட்வினுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். மாடி அறையில் நாற்காலி மேலிருந்த தாள்களை அள்ளிக் கீழே வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

“நான் முகத்தப் பத்தி ஒரு வரிகூட எழுதலயே சார். நீங்களா எப்படி வரைஞ்சீங்க?”

“முதுகத்தான்க்கா மொதல்ல வரைஞ்சேன்.” பழைய தாள்களை எடுத்துக் காட்டினார். ஏழு முதுகுகள். “எதப் பாத்தாலும் யாரோ பஸ்ஸுக்குப் போற மாதிரியே இருக்கு. பொறவுதான் மனசால தெருவுக்கு எறங்கி எதிர்ல நின்னு பாத்தேன். நீங்க கதை பூரா வாசப்படியவிட்டு எறங்கவே இல்ல.”

“நான் நின்னது அங்கதான. பாத்தத எழுதிருக்கேன்.”

“சரிதான். ஆனா எனக்கு எல்லாரையும் எங்கயாவது நிப்பாட்டணும்லக்கா. அந்த நேரத்துல அப்பா எங்க இருந்தாரு?”

“உள்ள, நாற்காலில.”

“எந்தப் பக்கம் பாத்து?”

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். படத்தை மாற்றித் தரச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் கம்பெனியில் கிழிந்து கிடந்த அட்டைப்பெட்டி மூடி ஒன்றை எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் தங்கள் பழைய வீட்டைப் போட்டுப் பார்த்தாள். அவளுக்குப் படம் வராது. கட்டமும் கோடும்தான். இங்கே வாசல். இங்கே அடுப்படி. முன்னறையில் நாற்காலியை வைக்கப் போனபோது கை நின்றுவிட்டது. நாற்காலி அங்கே இல்லை. அன்றைக்கு அண்ணனும் அப்பாவும் மல்லுக்கு நின்றதில் அது உடைந்து, கொல்லைக்குப் போய்விட்டிருந்தது. அப்படியானால் அப்பா நின்றுகொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

தெருவைப் பார்த்துச் சன்னலைப் போட்டாள். அண்ணன் போன பாதைக்கு ஒரு அம்பு போட்டாள். அம்பு அந்தச் சன்னலை உரசிக்கொண்டு போனது. வாசல்படியில் நின்ற அவளுக்கு அண்ணனின் முதுகு மறைத்ததால் அந்தச் சன்னல் தெரிந்திருக்காது. கதையை எட்டுத் தடவை திருத்தி எழுதியிருந்தாள். அதில் சன்னல் என்று ஒன்று வரவே இல்லை.

அண்ணன் ஓசூரில் இருப்பது தெரியும். நம்பரும் சித்தி மகன் கொடுத்து ரொம்ப நாளாகிவிட்டது. அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் ஒதுங்கி நின்று போன் போட்டாள். மறுமுனையில் குரல் கேட்டதும், பேச நினைத்திருந்தது எல்லாம் மறந்து போயிற்று.

“நான் பாண்டீசு பேசுதேன். நீ போன அன்னைக்கு அப்பா சன்னல்கிட்டயா நின்னாக?”

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள்.

“ஒனக்கு யாரு சொன்னா?” என்றான் பாண்டிதுரை.

“யாரும் சொல்லல. படம் போட்டுப் பாத்தேன்.”

“நின்னாக. கம்பி வழியா கைய விட்டு எம் பையப் புடிச்சாக. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. நாந்தான் வெடுக்குனு உருவிட்டு வந்துட்டேன்.” அவன் குரல் இறங்கியது. “அவிய செத்துட்டாகன்னு சேதி வந்துச்சு. மதுரை வரைக்கும் வந்தேன் பாண்டீசு. அந்தக் கையப் போய்ப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. திரும்பிட்டேன்.”

பாண்டீஸ்வரி சுவரில் சாய்ந்து அழுதாள். அவனும் அங்கே அழுதான். அப்புறம் அவன் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். காலேஜ் முதல் வருஷம் என்றான்.

அந்த வாரம் முழுக்க அண்ணன் வீட்டைவிட்டுப் போகும் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாள். ‘கல்நெஞ்சக்காரன்’ போயிற்று. எழுதியதை எட்வினுக்கு அனுப்பினாள். பிடிவாதமாகத் தன் படத்தைக் காப்பாற்றுவார் என்று நினைத்தாள். ஆனால் அன்றைக்கே போன் வந்தது.

“முகம் வேண்டாம்க்கா. நான் இட்டுக்கட்டுனது அது. கம்பி, கை, பையோட வாரு, இம்புட்டுப் போதும். நீங்களும் ஒரு ஒத்தாசை பண்ணணும். கை நடுங்குனத ரெண்டு பாரால எழுதிருக்கீங்க. அத எனக்கு விட்டுருங்க.”

எழுதியதை அடிக்க அவளுக்கு மனசே வரவில்லை. படம் வந்தது. வயசான ஒரு கை, வாரைப் பிடித்தும் பிடிக்காமலும். பார்த்துவிட்டு இரண்டு பத்தியையும் தானே அடித்தாள். அந்த இடத்தில் ‘அப்பா பையைப் பிடித்தார்’ என்ற ஒரு வரி மட்டும் நின்றது.

வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஹாலில் புத்தகம் வெளியானது. நாற்பது பேர் வந்திருப்பார்கள். பாண்டிதுரை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கூட்டம் கலைந்த பிறகு கைப் படம் இருந்த பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். எட்வின் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

“கை அவிய கையேதான் சார்” என்றான் பாண்டிதுரை. “கம்பிதான், எங்க வீட்ல படுக்கவசமா இருக்கும். நீங்க நட்டுக்குத்தா நிப்பாட்டிட்டீங்க.”

“இந்தக்கா கம்பி எப்படி இருக்கும்னு எழுதலயே சார்.”

“நானா?” என்று பாண்டீஸ்வரி சண்டைக்கு வந்தாள். “எழுதுனதயெல்லாம் அடிக்கச் சொன்னது யாரு?”

மூன்று பேரும் சிரித்தார்கள். பாண்டிதுரையின் மகள் அப்பாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.