கண்ணாடியில் மாட்டிய அணில்

மாமாவின் முடிதிருத்தும் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. கேமராவை எங்கே வைத்தாலும் அது தன்னையே படம் பிடித்தது. கடைசியில் பின்சுவர்க் கண்ணாடியைத் துண்டுகளால் மூடி, அதன் முன்னால் சுழல் நாற்காலியைப் போட்டு அக்காவை உட்கார வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டு வெளியே போயிருந்தார்.

பாட்டு தங்கை அணிலுடையது; ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுவதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் அவள்தான். கல்லூரிப் போட்டிக்குப் போகும் வீடியோவில் முகம் மட்டும் அக்காவுடையது. "குரல் உன்னுது, மூஞ்சி அக்காவுது. சும்மா அள்ளும்!" என்று டைரக்டர் சொல்லியிருந்தான். டைரக்டர் என்றால் பெரிய ஆள் ஒன்றும் இல்லை, கூடப் படிக்கிற பையன். ஒரு தொப்பி வாங்கிப் போட்டதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அணிலும் சரி என்று தலையாட்டிவிட்டாள். நாள் முழுக்கத் தொணதொணக்கிறவள், பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. என் பாட்டில் நான் இல்லையா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போதும் சீப்புகளை அடுக்கினாள், கலைத்தாள், ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினாள்.

"ஏய், ஒரு இடத்துல நில்லுடி. எனக்கே தலை சுத்துது," என்றாள் அக்கா.

அக்காவுக்கு அழகு வந்த அளவுக்குப் பாட்டு வரவில்லை. வீட்டில் குளிக்கும்போது அவள் பாட ஆரம்பித்தால், அணில் கதவைத் தட்டி, சரியான மெட்டில் உரக்கப் பாடி அவளை அடக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். இங்கே வாயசைத்தால் போதும். அதற்கும் வரி மறந்து மறந்து போனது. வேறு வழியில்லாமல் அணில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, ஸ்பீக்கரோடு சேர்ந்து முழுப் பாட்டையும் பாடிக் காட்டினாள். அப்பாடா, ஒரு டேக் தேறியது.

போட்டுப் பார்த்தார்கள். பாதியிலேயே டைரக்டர் தொப்பியைக் கழற்றி எறிந்தான். "போச்சு! எல்லாம் போச்சு!"

அக்காவின் பின்னால் ஒரு துண்டு நழுவியிருந்தது. அந்த இடைவெளிக் கண்ணாடியில் அணில் கையை வீசி, கழுத்து நரம்பு புடைக்க, உலகத்தையே மறந்து பாடிக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல, இவளை மட்டும் வெட்டிடலாம்," என்றான் டைரக்டர்.

அணிலுக்குச் சுருக்கென்றது.

"வெட்டறதுன்னா என்னை வெட்டுடா," என்றாள் அக்கா. "நான் பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன். கண்ணு அவகிட்டதான் போகுது. ஏண்டி, ஆசை இருந்தா வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"என் பாட்டுல நான் இருக்கணும்க்கா," என்றாள் அணில். கண் கலங்கிவிட்டது. "நீ வருத்தப்படுவியோன்னு..."

"நானா? தூங்கிட்டிருந்தவளை எழுப்பி இழுத்துட்டு வந்துட்டு, பேச்சைப் பாரு!" படத்துக்காக மேலே போட்டிருந்த மினுமினுப்புச் சட்டையைக் கழற்றித் தங்கையின் மேல் எறிந்தாள்.

அணில் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் தாடை இறுகிக்கொண்டது. ஒரு டேக் வீண். அடுத்ததும் வீண். மூடியிருந்த கடை ஷட்டரை வெளியிலிருந்து தட்டிய மாமா, "ஆள் வந்தாச்சும்மா, இன்னும் ஒரே தடவைதான்," என்றார்.

அக்கா கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, இடுப்பில் கையை ஊன்றி, தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தாள். மெட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். டைரக்டர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டான். இரண்டு வரிக்கு மேல் அணிலால் தாங்க முடியவில்லை. "ஐயோ, அப்படி இல்லக்கா!" என்று துள்ளி எழுந்தவள், அவளை அடக்குகிற வேகத்தில் அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினாள். நாற்காலி சுழன்றது. துண்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஷட்டர் மேலே போகிற சத்தம் கேட்டும் அவள் நிறுத்தவில்லை.

போட்டிக்குப் போனது அந்த டேக்தான். முன்னால் அணில் பாடுகிறாள்; பின்னால் கண்ணாடியில் அக்கா வாயைப் பிளந்து கத்துகிறாள். "என் மூஞ்சி எவ்வளவு அசிங்கமா இருக்கு பாருங்க," என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அக்காவே அதைப் போட்டுக் காட்டுகிறாள்.