காங்கா போர்த்திய அடுப்பு

ஆட்டுப் புழுக்கையைக் கூட்டி வெளியே கொட்ட ஐக்காருவாவுக்கு அரை நாள் பிடித்தது. கேஸ் வந்த நாளிலிருந்து பழைய அடுக்களைக் குடிசையில் ஆடுகள்தான் குடியிருந்தன. கூரையில் படிந்த கரி மட்டும் போகவில்லை. துடைப்பம் பட்ட இடமெல்லாம் தலையில் உதிர்ந்தது. மூன்று அடுப்புக் கற்களில் ஒன்றைக் காணவில்லை. வாய்க்காலில் துணி துவைக்கப் போட்டிருந்த கல்லைப் பெயர்த்து, வாழைத் தோட்டம் வழியாகப் புரட்டிக்கொண்டு வந்தாள்.

காட்லிசன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றான். மோஷி நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவனுக்கு வேலை. சேவை செய்ய வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை மலையடிவாரத்து வீடுகளில் தங்க வைப்பதும், அவர்கள் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு. ஐக்காருவாவின் வீட்டில் எத்தனையோ பேர் தங்கிப் போயிருக்கிறார்கள். அந்த வருமானத்தில்தான் கேஸ் அடுப்பு வந்தது, முற்றத்தில் குழாய் வந்தது, கடைசியாக டிவியும் வந்தது. இப்போது அவையெல்லாம் குற்றமாகிவிட்டன.

"போன தடவை வந்த பொண்ணு என்ன எழுதிட்டுப் போச்சு தெரியுமாக்கா? எங்க வீடு மாதிரியே இருந்துச்சுன்னு."

"நல்லதுதானே சொல்லியிருக்கா?"

"ஐயோ, அது புகாருக்கா! அவங்க வீடு மாதிரி வேணும்னா அவங்க வீட்டுலயே இருந்துக்க மாட்டாங்களா? இங்க உள்ள அன்றாட வாழ்க்கைய வாழ்ந்து பாக்கத்தான் காசு கட்டிட்டு வர்றாங்க."

"அதுக்காக ஆட்ட வெளிய கட்டிட்டு நான் உள்ள உக்காரணுமாக்கும்?"

"ஆறே வாரம். வெறகுல சமைங்க, ஓடையில தண்ணி எடுங்க, டிவிய எங்கயாவது ஒளிச்சு வைங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பக்கத்து வீட்டு அனாசியாக்கா எப்பக் கூப்பிட்டாலும் ரெடி."

ஐக்காருவாவின் கணவன் மலையேறுகிறவர்களின் மூட்டை சுமப்பவன். மழை மாதங்களில் மலைக்கு யாரும் வருவதில்லை. அவன் அருஷா நகரத்தில் கட்டட வேலை தேடி அலைந்துகொண்டிருந்தான். இந்த மாதங்களில் வீட்டுக்கு வரும் விருந்தாளியால்தான் உலை கொதிக்கும். ஆனால் மகள் மங்காவுக்குப் புகை ஆகாது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் உதடு நீலம் பாரித்துவிட, ஐக்காருவா அவளை முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். வீட்டில் வேறெதற்கும் முன்னால் கேஸ் வாங்கியது அதனால்தான்.

அன்று மாலை அவள் கேஸ் அடுப்பின் மேல், இடுப்பில் சுற்றும் ஒரு காங்காத் துணியைப் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்தாள். முற்றத்துக் குழாயைச் சாக்கால் மூடி, டிவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "சமையல் நேரத்துல குடிசைப் பக்கமே வரக் கூடாது" என்று மங்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஹாலந்திலிருந்து வந்த லோட்டே நல்ல பெண். அதுதான் தொல்லை. பகலில் பாலர் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டு வந்து, அலுப்பென்று ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. ஓடையில் தண்ணீர் மொண்டாள். விறகை ஊதிக் கண்ணீர் வழியச் சிரித்தாள். கரி அப்பிய முகத்தைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, முற்றத்தில் நனைந்துகொண்டிருந்த மங்காவை லோட்டேதான் பிரியமாகக் குடிசைக்குள் கூப்பிட்டுத் தன் மடியில் உட்கார வைத்தாள். ஐக்காருவா பார்த்தாள். போ என்று சொல்ல வாயெடுத்தாள். வாழைக்காய் வெந்துவிடட்டும், கொஞ்ச நேரம்தானே என்று வாயை மூடிக்கொண்டாள். வாழைக்காய் வேகவில்லை. ஈர விறகு புகைந்தது. மங்கா இருமினாள், பிறகு இருமவும் முடியாமல் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது.

ஐக்காருவா குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டினாள். பிள்ளையை வாரிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினாள். மங்காவின் மூச்சு மெல்லச் சீரானது. ஐக்காருவாவுக்குத் தன்மீதே ஆத்திரமாக வந்தது. எழுந்து பூச்சாடியைத் தள்ளிவிட்டு, காங்காவை உருவி எறிந்து, கேஸைப் பற்ற வைத்தாள்.

லோட்டே மழை சொட்டச் சொட்ட வாசலில் நின்றாள். அவள் பேசுவது பாடப்புத்தக ஸ்வாஹிலி.

"உங்களிடம் அடுப்பு இருக்கிறதா?"

"இருக்கு. வெளிய குழாய் இருக்கு. டிவி கட்டிலுக்கு அடியில இருக்கு, குனிஞ்சு பாரு."

"அப்படியானால் அந்தக் குடிசை?"

"ஆட்டோட வீடு."

லோட்டேயின் முகம் சிவந்துபோயிற்று. "நான் இங்கே உள்ளவர்கள் வாழ்வதுபோல வாழ்வதற்காக வந்தேன்."

"இங்க உள்ளவ நான்தான்மா. நான் இப்படித்தான் வாழறேன். தலையத் துவட்டிட்டு வா, சாப்பிடலாம்."

லோட்டே மங்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தட்டைத் தொடவில்லை.

காலையில் காட்லிசன் வந்து லோட்டேயின் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டினான்.

"கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்க்கா."

"நான் பொறுத்தேன். எம் புள்ள நெஞ்சு பொறுக்கல."

"இனிமே உங்களுக்கு ஆள் அனுப்பச் சொன்னா என் வேலை போயிடும்."

"அனுப்பாத. அனுப்புனா இந்த அடுப்புலதான் சோறு. உங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லு, அந்தக் குடிசைல வேணும்னா நீங்க வந்து சமைங்கன்னு."

வண்டி பக்கத்து வீட்டு அனாசியாவின் வாசலிலேயே நின்றது. ஐக்காருவா ஆடுகளை மறுபடி குடிசைக்குள் ஓட்டிவிட்டாள்.

அந்தி மங்கும் நேரம் வாழைகளுக்கிடையே அனாசியா மூச்சு வாங்க வந்தாள். இடுப்பில் காங்கா சுற்றிய பெரிய மூட்டை. கீழே வைத்ததும் ணங்கென்றது. அவள் வீட்டு கேஸ் சிலிண்டர்.

"இந்தப் பொண்ணு போற வரைக்கும் உங்கிட்ட இருக்கட்டும்டி. குழாய்ப் பிடியக் கழட்டி எடுத்துட்டேன். டிவிய இருட்டுனப்புறம் கொண்டாரேன்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"உனக்கு வாய் இருக்கு, பேசற. எனக்கு வீட்டுல அஞ்சு வயிறு இருக்கு."

ஐக்காருவாவுக்குக் கோபம் பொங்கியது. தன் பிள்ளைக்கு மட்டும் இருமல் இல்லாதிருந்தால் தானும் இன்று ஊதிக்கொண்டுதானே இருப்போம் என்று தோன்றியதும், அந்தக் கோபம் காட்லிசனின் ஆபீஸ் பக்கம் திரும்பியது.

"வெச்சிட்டுப் போ. ஆனா மூடி வெக்க மாட்டேன்."

காங்காவை அவிழ்த்து அனாசியாவின் தோளில் போட்டுவிட்டு, சிலிண்டரைப் பாதையில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி வாசலில் நிறுத்தினாள்.

மறுநாள் காலை அவள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பாதையில் அனாசியா தலைச்சுமையாகக் காலி வாளியோடு வந்தாள். ஒரே இரவில் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. பின்னால் லோட்டே சின்ன வாளியோடு வந்தாள்.

"அனாசியா! எங்கடி போற? தண்ணி இங்க ஓடுது பாரு, வாளிய வை!" ஐக்காருவா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

லோட்டே நின்றாள். குழாயைப் பார்த்தாள், வாசலில் நின்ற சிலிண்டரைப் பார்த்தாள். அனாசியா திரும்பாமல் இருமிக்கொண்டே சரிவில் இறங்கினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு லோட்டேயும் அவள் பின்னால் இறங்கினாள்.

ஐக்காருவா குழாயை மூடவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீர் முற்றத்தைத் தாண்டி, அவர்கள் இறங்கிப் போன பாதை வழியே ஓடைப் பக்கமாக ஓடியது.