முப்பத்தொன்றுக்கு ஒரு பேரம்

வெர்னல் பெட்டிஃபோர்டின் முதுகில் பதினோரு வருடமாக இருந்த எண் முப்பத்தொன்று. அதோடு மூன்று அணிகள் மாறியிருந்தான். அமெரிக்கக் கால்பந்தில் அவன் கார்னர்பேக். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு நிழலாக ஓடி, பந்து அவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். இந்த உத்தியோகத்தில் முப்பத்துமூன்று வயது என்றால், சந்தை கலையும் நேரத்தில் கூடையில் மிஞ்சிய தக்காளி மாதிரி. வாங்குகிறவன் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பான்.

எங்கள் அணியின் கோடை முகாமுக்கு அவன் வந்தபோது முப்பத்தொன்று போணியாகிவிட்டிருந்தது. அதைப் போட்டிருந்தவன் டாரின் ஸ்வோபோடா, நெப்ராஸ்காவின் மக்காச்சோளக் காட்டிலிருந்து அந்த வருடம்தான் வந்த பன்ட்டர். நாங்கள் முன்னேற வழியில்லாமல் திணறும்போது உள்ளே வந்து, பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பப் போய் பெஞ்சில் உட்காருகிறவன். வெர்னலுக்குக் கிடைத்தது நாற்பத்தாறு. முகாமோடு கிளம்பிவிடுவான் என்று நினைக்கிறவர்களுக்குத் தள்ளிவிடும் எண் அது.

என் லாக்கர் அவனுக்குப் பக்கத்தில். முதல் வாரமே புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

"ஹத்தாத், இந்த நம்பர்ல கால் வரமாட்டேங்குதுடா. நேத்து ஒரு பொடியன் என்னைத் தாண்டிப் போயிட்டான். முப்பத்தொண்ணா இருந்தா போயிருப்பானா?"

"போன வருஷம் முப்பத்தொண்ணுலயும் போனாங்களே, டிவில பார்த்தேன்."

"அது காத்து எதிர்ப்பக்கமா அடிச்ச நாளு."

பழையவர்கள் புது அணிக்கு வந்தால், தங்கள் எண்ணைப் போட்டிருக்கிற புதுசுகளிடம் பேரம் பேசி வாங்குவது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஒரு கைக்கடிகாரத்துக்கோ, ஒரு பெரிய விருந்துக்கோ முடிந்துவிடும். ஆகவே ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் வெர்னல் டாரினின் லாக்கருக்குப் போனான். நானும் கூடப் போனேன். டொலீடோவில் என் அப்பாவின் கம்பளக் கடையில் வளர்ந்தவன் நான். பேரம் நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

"ஏய் புதுசு, எங்க வீட்ல ஒரு புகையடுப்பு இருக்கு. அரை மாட்டையே உள்ள வைக்கலாம். அலபாமால எங்க மாமா கையால செஞ்சது. எடுத்துக்க. பனியனக் குடு."

"வேணாண்ணே."

"தினம் காலைல எல்லாருக்கும் டோனட் வாங்கிட்டு வர்றது புதுசுங்க வேலை. உன் முறைக்கு நான் போறேன்."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பதினோரு வருடம் ஆடியவன் டோனட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை.

"அதுவும் வேணாண்ணே."

"என் மீன்பிடி படகு. எஞ்சினோட."

டாரின் காலணிக் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்தினான். நெப்ராஸ்காக்காரனுக்குப் படகு என்றதும் கண் கொஞ்சம் நனைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டான்.

எனக்கு ஆச்சரியம். அணியில் பன்ட்டர்கள் இரண்டு பேர், கடைசியில் ஒருத்தன்தான் தங்குவான். இவனை அனுப்பிவிட்டால் எண்ணும் கையைவிட்டுப் போய்விடும். விற்கிற காலத்தில் விற்கத் தெரியாதவன் என்று நினைத்து அவனிடமே கேட்டேன்.

"நான் இதை வித்தா," என்றான் டாரின், "இங்கிருந்து போகப்போறேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ணே."

வெர்னலை வெளியே இழுத்துப் போய் நான் ஒரு யோசனை சொன்னேன். வியாபாரத்தில் நான் கற்றதெல்லாம் அதில் இருந்தது.

"பேசாம இரு. கடைசிப் பயிற்சி ஆட்டத்துல அவன் ஒரு உதை சொதப்பினா போதும், மறுநாள் மூட்டை கட்டிருவான். சரக்கு சும்மாவே உன் கைக்கு வரும்."

"அதுக்குள்ள என்னையே அனுப்பிட்டா?"

"அப்ப நம்பர் எதுக்கு?"

வெர்னல் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் அவனை உதைக்குப் பின்னால் ஓடும் கூட்டத்தில் போட்டார்கள். பந்தை வாங்கித் திருப்பி ஓடிவருகிறவனை மடக்குவது அந்தக் கூட்டத்தின் வேலை. இருபத்திரண்டு வயதுக்காரர்கள் செய்யும் வேலையை, சுவரில் படம் மாட்டியிருக்க வேண்டிய ஆளுக்குக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். வாயைத் திறக்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

மூன்றாவது பாகத்தில் டாரின் உள்ளே வந்தான். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். உதை தாழ்வாகப் போனது, நாங்கள் ஓடிப் போய்ச் சேர நேரம் தராமல், அதுவும் நட்டநடுவே. எதிரணியின் ஆள் அதை ஓடிக்கொண்டே பிடித்தான், திறந்த கதவு வழியாக வருகிற மாதிரி எங்களுக்கு நடுவில் புகுந்து வந்தான். என்னை ஒரு தடியன் புல்லில் கவிழ்த்திருந்தான். கடைசியாக நின்றது டாரின் மட்டும். குறுக்கே பாய்ந்தவன் காற்றைத்தான் பிடித்தான்.

அந்தப் பக்கக் கோட்டோரம் இரண்டு பேர் தள்ளித் தள்ளி வெர்னலை வெளியே விட்டிருந்தார்கள். அவன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. அங்கேயே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தால் போதும். கடைசிக் கோட்டைத் தாண்டி எதிரணிக்கு ஆறு புள்ளி டச்டவுன், டாரினுக்கு டிக்கெட், இவனுக்கு முப்பத்தொன்று.

நாற்பத்தாறு ஓட ஆரம்பித்தது. மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்காக, தலையைக் குனிந்து, வீட்டுக்கு யாரோ தீ வைத்த மாதிரி ஓடினான். கோட்டுக்கு நாலடி இருக்கும்போது பின்னாலிருந்து பந்து வைத்திருந்தவன் இடுப்பைக் கட்டிக் கீழே சாய்த்தான். அடுத்த மூன்று முயற்சியையும் எங்கள் தடுப்பு வரிசை அடைத்துவிட்டது. எதிரணி கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து, வெறும் மூன்று புள்ளியோடு போனது.

வெர்னல் பெஞ்சில் வந்து விழுந்தான். வாயில் நுரை.

"ஏன்டா ஓடின?" என்றேன். "படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"ஞாபகமே இல்லடா." மூச்சு வாங்கியது. "அவன் கையில பந்து இருந்துச்சு."

அதற்குப் பிறகு டாரின் உதைத்த இரண்டும் மேகத்தைத் தொட்டுவிட்டுத்தான் கீழே வந்தன.

மறுநாள் ஆட்களைக் கழிக்கும் நாள். அன்றைக்கு அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் லாக்கர் அறைக்குள் வருவான். தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடுறார், டேப்லெட்டையும் எடுத்துட்டு வா," என்பான். ஆட்டத் திட்டங்கள் அதில்தான் இருக்கும். அதைத் திரும்பக் கேட்டால் கதை முடிந்தது. அவன் நடக்கிறபோது எல்லாருக்கும் திடீரென்று காலுறையில் வேலை வந்துவிடும்.

வெர்னல் டேப்லெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் எங்கள் பக்கம் வந்தது. தாண்டியது. டாரினின் லாக்கர் பக்கம் போனது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பன்ட்டர் இருந்தான். தொட்டது அவன் தோளை.

நாள் முழுக்க ஆள் வந்துபோய்க்கொண்டிருந்தான். வெர்னலைத் தொடவில்லை. சாயங்காலம் கோச்சே வந்து நின்றார்.

"நேத்து திரையில அந்த நாப்பத்தாறு எங்கிருந்து வந்துச்சுன்னு மூணு தடவை ஓட்டிப் பார்த்தோம். வயசை எவன் பார்த்தான், தங்கு."

அவர் போனதும் டாரின் வந்தான். பனியனை ஒழுங்காக மடித்துக் கொண்டுவந்து வெர்னலின் ஸ்டூலில் வைத்தான்.

"எடுத்துக்கங்கண்ணே. ஒண்ணும் தர வேணாம்."

வெர்னல் அதைப் பார்த்தான். கை நீளவில்லை.

"போன வாரம் குடுத்திருந்தா உன் கால்ல விழுந்து வாங்கியிருப்பேன். இப்ப வேணாம்."

"ஏண்ணே?"

"என் காலு நேத்து எதைப் போட்டுக்கிட்டு ஓடுச்சுன்னு அதுக்குத் தெரியும். நடுவுல மாத்திக் குழப்பக் கூடாது."

என்னால் பொறுக்க முடியவில்லை. "வெர்னல், சும்மா வருதுடா. எங்கப்பா கேட்டா அழுதுருவாரு."

"உங்கப்பாவுக்குக் கால்ல பொழப்பு இல்ல."

டாரின் பனியனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். "அப்ப இதுக்கு நான் என்னதான் செய்யறது?"

"அடுத்த தடவை உசரமா உதை," என்றான் வெர்னல், முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டே. "வயசானவனை அவ்வளவு தூரம் ஓட வைக்காத."